ஆடினது ஆடினதுதான்

ஃப்ளீட்வுட்
14 ஜனவரி 1908

தம்பி ஈனாக்குக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். தாமார் இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறாள். பிள்ளை பெற்ற உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, தெருவையே எழுப்புகிற மாதிரி அழுகிறான். மருமகன் மீன்பிடிக் கப்பலில் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று கடலுக்குத்தான் தெரியும். மகனைப் புதைத்த மண் கையில் காய்வதற்குள் மகளுக்குக் கஞ்சி காய்ச்ச வந்துவிட்டேன். அழ நேரமில்லாமல் வேலை இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே தறிச் சத்தம் இல்லை. அது இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். துக்கத்துக்காக நம் ஆல்பியன் கால்பந்துக் கிளப்பின் ஆட்டங்களை லீக்காரர்கள் தள்ளி வைத்தார்கள், சரி. இந்தச் சனிக்கிழமை மேட்ச் இருக்கிறதே, கோலில் யார் நிற்கிறார்கள்? என் பிள்ளை ஜாபெஸ் இடத்தில் யாரைப் போட்டிருக்கிறாய்? இரண்டாவது டீமில் இருக்கிற கிளெக் பையனா? அவனுக்குக் கை பெரிசு, பொறுமைதான் சிறிசு. பந்து மேலே வந்தால் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்காமல் வெளியே வரச் சொல். ஜாபெஸ் அப்படித்தான் வருவான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஊரில் யாராவது கேட்டால் கெசியா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லாதே. அது பொய். சாப்பிடுகிறாள் என்று சொல்.

அக்கா
கெசியா

அக்கன்ஷா
19 ஜனவரி 1908

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

அக்கன்ஷா ஆல்பியன் கால்பந்துக் கிளப்பின் செயலாளர் என்ற முறையிலும், கூடப்பிறந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: யாரும் நிற்கவில்லை. நேற்றைய மேட்சுக்கு நாங்கள் போகவில்லை. இனிமேலும் போகப்போவதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வீவர்ஸ் பப்பின் மாடியில் கமிட்டி கூடியது. போதகர் ஹார்ட்லியும் வந்தார். அவர் பப் படியேறி யாரும் பார்த்ததில்லை. "ஒரு தாயோட பிள்ளை விழுந்த மண்ணுல இன்னொரு பந்து உருளக் கூடாது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேரும் கை தூக்கினோம். ஜாபெஸின் தாயாருக்கு மரியாதை செலுத்தும் விதமாக இந்த சீசனை இத்தோடு நிறுத்துவது என்று தீர்மானம்.

லீக் விதியை நீ கேள்விப்பட்டிருப்பாய். பாதியில் விலகுகிற கிளப்பின் ஆட்டங்கள் எல்லாவற்றையும் அடித்துவிடுவார்கள். ஜெயித்தது, தோற்றது, போட்ட கோல், வாங்கின கோல், எதுவும் செல்லாது. ஆடவே இல்லை என்று கணக்கு. நாங்கள் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியதுகூட இல்லை. தொடர்ந்து இரண்டு மேட்ச் போகாவிட்டால் அவர்களே பெயரை எடுத்துவிடுவார்கள். நேற்று ஒன்று ஆயிற்று. அடுத்தது பிப்ரவரி முதல் தேதி.

ஹெல்ம்பரி ஆட்டக்காரன் வில்ஃப் டக்ஸ்பரி, அதுதான் அன்றைய மேட்சில் ஜாபெஸ்மேல் மோதினானே, அவன் வேலைக்குப் போவதில்லையாம். நம் ஊர்க்காரர்கள் அவன் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்து கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். அவனைக் கொலைகாரன் என்றுதான் இங்கே எல்லாரும் பேசுகிறார்கள்.

எல்லாம் உன்னை நினைத்துச் செய்ததுதான், அக்கா.

கீழ்ப்படிதலுள்ள தம்பி
ஈனாக் டாட்டர்சால்

ஃப்ளீட்வுட்
22 ஜனவரி 1908

ஈனாக்,

என் பெயரில் தீர்மானம் போட்டீர்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பப் மாடியில் கை தூக்கினவர்களில் ஜாபெஸைப் பெற்றவள் எவள்?

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து, எனக்கு வேகமாக வராது. 'ஆடவே இல்லை' என்ற இடத்துக்கு வந்ததும் நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். தாமாரைப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையே படித்தாள்.

நீ அன்றைக்கு மைதானத்தில்தான் இருந்தாய், ஆனால் அந்தப் பக்கம். நான் கோலுக்குப் பின்னால் உன் வீட்டுக்காரி சில்லாவோடு நின்றேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

நாம் ஒரு கோல் போட்டிருந்தோம். அவர்கள் பந்தை உயரமாகத் தூக்கி அடித்தார்கள். ஜாபெஸ் வெளியே வந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். டக்ஸ்பரி ஓடிவந்து தோளால் மோதினான். கையை நீட்டவில்லை, காலைத் தூக்கவில்லை. தோளால்தான். கோல் கீப்பர் பந்தை வைத்திருந்தால் அப்படித்தான் மோதுவார்கள், காலம் காலமாக அப்படித்தான். ஜாபெஸ் கோல் கோட்டைத் தாண்டாமல் முன்னாலேயே விழுந்தான், பந்தை விடவில்லை. ரெஃப்ரி விசில் ஊதவில்லை. நானாக இருந்தாலும் ஊதியிருக்க மாட்டேன்.

எழுந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த இரைச்சலில் பேச முடியுமா? மில்லில் தறிக்கு நடுவே பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசைத்து "என்னடா?" என்று கேட்டேன். அவனும் வாயசைத்தே சொன்னான்: "ஒண்ணுமில்லம்மா. நீ போய் டீ போட்டு வை."

நான் போகவில்லை. அவனும் போகவில்லை. கடைசி விசில் வரைக்கும் நின்றான். அதற்கப்புறமும் இரண்டு பந்து பிடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னது மூன்றாம் நாள். அன்றைக்கே போய்விட்டான்.

இப்போது அந்த மேட்சே நடக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் என் பிள்ளை எங்கே அடிபட்டான்? படியில் உருண்டானா? குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்தானா? ஒருதடவை புதைத்தாயிற்று, ஈனாக். இரண்டாம் தடவை புதைக்க விடமாட்டேன்.

டக்ஸ்பரி வீட்டில் கல்லெறிந்தவர்களிடம் சொல். அவனைக் கொலைகாரன் என்றால் என் பிள்ளை வெட்டுப்பட்ட ஆட்டுக்குட்டி என்று ஆகிவிடும். அவன் ஆட்டுக்குட்டி இல்லை. ஆடிக்கொண்டிருந்தான், ஜெயித்துக்கொண்டிருந்தான்.

போதகர் பப்பில் அழுதாராமே. வந்தது வந்தார், ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

தீர்மானத்தைக் கிழித்துப்போடு.

கெசியா

அக்கன்ஷா
26 ஜனவரி 1908

அக்கா,

கமிட்டியைத் திரும்பக் கூட்டினேன். உன் கடிதத்தைப் படித்தேன். போதகரைப் பற்றின வரியை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு தலைவர் சொன்னார்: "கெசியா சொல்றது நியாயம்தான். ஆனா கோல்ல யாரு நிப்பா?"

அதுதான் அக்கா, விஷயம். வீடு வீடாகப் போனேன். கிளெக்கின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "எம் பையன் வேற எங்க வேணா ஆடட்டும் மேஸ்திரி, அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல மட்டும் கூப்பிடாதீங்க" என்றாள். நான் அவளை என்ன சொல்ல முடியும்? மற்ற பையன்களும் அதையேதான் சொல்கிறார்கள். முன்னால் ஆடச் சொல்லுங்கள், பின்னால் ஆடச் சொல்லுங்கள், கோல் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். அங்கே புல் இன்னும் சரியாக எழும்பவில்லை. அவன் விழுந்த இடம் தெரிகிறது.

மில்லிலும் என்னை வாங்கு வாங்கு என்று வாங்குகிறார்கள். என்னை மாதிரி தறி மேஸ்திரிகளுக்கு மூளை கம்மி என்று நெசவுக்காரிகள் எப்போதும் கிண்டல் பண்ணுவார்கள், உனக்குத் தெரியாததா. நேற்று ஒருத்தி எட்டுத் தறிக்கு அந்தப் பக்கமிருந்து வாயசைத்துக் கேட்டாள்: "என்ன மேஸ்திரி, தறியை நிறுத்தத்தான் தெரியுமா, ஓட்டத் தெரியாதா?" சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும் அவள் உதட்டைப் படித்துச் சிரித்தார்கள்.

உன்னிடம் மறைக்க முடியவில்லை. எனக்கே அந்தக் கோலைப் பார்க்க முடியவில்லை, அக்கா. சனிக்கிழமை மத்தியானம் மில் விட்டதும் மைதானத்தைத் தொடாமல் கால்வாய்ப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போகிறேன். போதகர் நிறுத்துங்கள் என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உன் பேரைச் சொல்லிக் கை தூக்கினேன். தூக்கினது எனக்காக.

பிப்ரவரி முதல் தேதிக்கு ஆள் இல்லை. என்ன செய்யச் சொல்கிறாய்?

ஈனாக்

ஃப்ளீட்வுட்
29 ஜனவரி 1908

தம்பி,

நீ நில்.

சிரிக்காதே. நாற்பது தாண்டிவிட்டாய், தொப்பை இருக்கிறது, எனக்குத் தெரியும். உன் அகலத்துக்கு நீ சும்மா நின்றாலே பாதி கோல் அடைபட்டுவிடும். மீதிப் பாதிக்குக் கையை நீட்டு.

பத்து கோல் வாங்கினாலும் பரவாயில்லை. பத்து கோல் வாங்கின கிளப்பின் பெயர் திங்கட்கிழமைப் பேப்பரில் வரும். வராமல் போன கிளப்பின் பெயர் வராது. எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அந்தக் கோலைப் பார்க்க முடியவில்லை என்கிறாய். அதற்கும் இதுதான் வழி. உள்ளே நின்றால் கோல் தெரியாது. முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். ஆட்டம்தான் தெரியும்.

கை தூக்கினது உனக்காகத்தான் என்று எழுதினாயே, அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை எழுதாமல் இருந்திருந்தால்தான் கோபம்.

நீ நிற்க மாட்டேன் என்றால் சொல்லிவிடு. தாமாரை இப்படியே விட்டுவிட்டு ரயிலேறி வந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே நிற்பேன். லீக்காரன் வந்து தூக்கட்டும். இந்தக் கடிதத்தைச் சில்லாவிடம் காட்டு. உன்னைத் தள்ளிவிட அவள் போதும்.

கெசியா

அக்கன்ஷா
2 பிப்ரவரி 1908

அக்கா,

சில்லா தள்ளினாள். நின்றேன். எட்டு கோல்.

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பப்பில் சட்டை மாற்றிக்கொண்டு தெரு வழியாக மைதானத்துக்கு நடந்தோம் இல்லையா, அப்போது யாரும் சத்தம் போடவில்லை. மரச்செருப்புச் சத்தம் மட்டும்தான். வாசலில் போதகர் ஹார்ட்லி நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்களுமா, மிஸ்டர் டாட்டர்சால்? இறந்தவனோட தாய்மாமன் ஆச்சே நீங்க!" என்றார். "அதனாலதான் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆட்டம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். பாதிப் பேர் வந்தார்கள்.

முதல் நான்கு கோல் போகும்வரை கல்லறையில் நிற்கிற மாதிரி நின்றார்கள். ஐந்தாவது என் காலுக்கு நடுவே போனது. உடனே சில்லாவின் குரல் கேட்டது: "யோவ் மேஸ்திரி! குனியேன்யா! கீழ விழுந்த சாவிய எடுக்கிற மாதிரியாவது குனி!" எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அக்கா. அந்த மைதானத்தில் சிரித்தார்கள். எனக்கு முதலில் திக்கென்றது. பிறகு பார்த்தால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் கத்தினார்கள். ஒரே ஒரு பந்தைப் பிடித்தேன். அதற்கு ஊரே குதித்தது.

போதகர் இன்றைக்குக் காலையில் சர்ச் வாசலில் எனக்குக் கை கொடுக்கவில்லை. என் கை வீங்கித்தான் இருந்தது, நல்லதாகப் போயிற்று.

கிளப் பெயர் லீக் பட்டியலில் இருக்கிறது. கடைசியில் இருக்கிறது. இருக்கிறது.

ஈனாக்

அக்கன்ஷா
29 மார்ச் 1908

அன்புள்ள அக்காவுக்கு,

தாமார் எழுந்து நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் நேற்று இரண்டு கோல்தான் வாங்கினேன். கிளெக்கே வந்து, "மாமா, நீங்க போதும், இனி நான் நிக்கிறேன்" என்றான். அவன் அம்மாவும் சரி என்றுவிட்டாளாம். ஹெல்ம்பரி மேட்ச் முடியட்டும், அடுத்த சீசனிலிருந்து நீதான் என்று சொல்லியிருக்கிறேன்.

அதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். ஏப்ரல் பதினொன்று, அவர்கள் மைதானத்தில். சீசனின் கடைசி ஆட்டம். ஹெல்ம்பரி செயலாளர் நேரிலேயே வந்தார், நல்ல மனுஷன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார். "நீங்க வர வேணாம். எங்களால ஆட முடியலைன்னு நாங்களே லீக்குக்குச் சொல்லிடறோம். புள்ளி உங்களுக்கு. அந்தத் தாய்க்கு எங்களால முடிஞ்சது இதுதான்" என்றார். டக்ஸ்பரி இனிப் பந்தையே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். வேலைக்குப் போகிறான், யாரிடமும் பேசுவதில்லையாம்.

கமிட்டிக்கு மனசு இருக்கிறது. அந்தப் புள்ளி கிடைத்தால் கடைசி இடத்திலிருந்து தப்பிப்போம். பட்டியலில் எல்லாம் அப்படியே நிற்கும், எதையும் அடிக்க மாட்டார்கள். ஆனால் இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் கை தூக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

ஈனாக்

ஃப்ளீட்வுட்
1 ஏப்ரல் 1908

தம்பி,

கேட்டதற்குச் சந்தோஷம். வேண்டாம்.

அந்த மனுஷன் நல்லவர்தான், அவர் மனசு புண்படாமல் சொல். இரக்கப்பட்டுக் கொடுக்கிற புள்ளியை வாங்கினால், டிசம்பரில் வாங்கினதும் இரக்கத்தில் வந்தது போலத்தான் ஊர் பேசும். அதை ஜாபெஸ் சம்பாதித்தான். அதோடு இதைச் சேர்க்காதே. கடைசி இடம் என்றால் கடைசி இடம். அதுவும் ஓர் இடம்தான்.

டக்ஸ்பரி ஆட வேண்டும். அவன் வீட்டுக்கு நீயே நேரில் போ. கெசியா ஹாவர்த் சொன்னாள் என்று சொல். அவன் பந்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் தப்பு செய்ததாக ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தப்பு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது ஆட்டம். அவன் என் பிள்ளைக்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்ள நான் அனுமதி கொடுக்கவில்லை.

இதை எழுத எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது. அவன் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டேன். அதையும் அவனிடம் சொல்ல வேண்டும் என்றால் சொல். நான் தேவதை இல்லை.

கெசியா

அக்கன்ஷா
12 ஏப்ரல் 1908

அக்கா,

நேற்று ஆடினோம். இரண்டுக்கு ஒன்று, தோற்றோம்.

டக்ஸ்பரி வந்தான். நான் போய்ச் சொன்னபோது கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டான், ஆனால் வந்தான். ஹெல்ம்பரியும் நெசவு ஊர்தானே. மைதானத்தைச் சுற்றிக் கட்டின கயிற்றோரமாக இரண்டு ஊர் மில் ஜனமும் நின்றது. நம் ஆட்கள் அவனைப் பார்த்துக் கூச்சல் போடவில்லை. நீ போடக் கூடாது என்று சொன்னதாகச் சில்லா ஒவ்வொருவர் காதிலும் போட்டிருந்தாள். நீ அப்படி எழுதவே இல்லை. போகட்டும்.

ஆனால் அவன் ஆடவில்லை, அக்கா. ஓடுவான், பந்தை எடுப்பான். நான் பந்தைப் பிடித்தால் மட்டும் கயிறு கட்டி இழுத்த மாதிரி நின்றுவிடுவான். மற்றவர்கள் மோதுவார்கள், அவன் நிற்பான். ஒருதடவை, இரண்டுதடவை. மூன்றாவது தடவை நான் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கோட்டுக்கு முன்னால் நின்றேன். அவன் எனக்கு எதிரே நின்றான். வாயை மட்டும் அசைத்தேன்: "மோதுடா."

அவனும் நெசவுக்காரன். வாயசைத்தான்: "முடியல."

"உங்க ஊர்ல ஆட்டம் இப்படித்தானா? நான் என்ன சர்ச்சுக்கா வந்தேன்? மோது."

அத்தனை பேரும் எங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. ரெஃப்ரி வெளியூர்க்காரர், ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கடைசியாகச் சொன்னேன்: "எங்கக்கா சொல்லியனுப்பிச்சா."

மோதினான். அக்கா, அது மோதல்! நானும் பந்தும் சேர்ந்தே வலைக்குள் போய்விட்டோம். கோல். அந்தக் கோலில்தான் அவர்கள் ஜெயித்தார்கள். நான் கண்ணைத் திறந்தபோது அவன் என்மேல் குனிந்து நின்றான், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "அடிபட்டுச்சா?" என்றான். "எம் பொண்டாட்டி அடிக்கிறதுல பாதிகூட இல்ல" என்றேன். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். விட மாட்டேன் என்று கையைப் பிடித்தபடியே நின்றான். ரெஃப்ரி வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

சீசன் முடிந்தது. நாம் கடைசி. எல்லா ஆட்டமும் கணக்கில் நிற்கிறது. ஜாபெஸ் ஆடின டிசம்பர் இருபத்தெட்டும் நிற்கிறது.

இன்னொன்று. மில் ஜனங்கள் சேர்ந்து ஜாபெஸுக்குக் கல்லறைக் கல் வைக்கிறார்கள். போதகர் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'மொட்டிலே பறிக்கப்பட்ட மலர்.' பந்தாட்டம் என்ற பேச்சே அதில் வரக் கூடாது, சர்ச் மண் அது என்கிறார். கல்தச்சர் உன் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறார். என்ன சொல்லட்டும்?

ஈனாக்

ஃப்ளீட்வுட்
15 ஏப்ரல் 1908

தம்பி ஈனாக்குக்கு,

உன் கடிதத்தைத் தாமாருக்குப் படித்துக் காட்டினேன். நீ வலைக்குள் போன இடத்தில் இருவரும் சிரித்தோம். பிறகு அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள், நான் அழட்டும் என்று. அழுதேன். மகன் போனபிறகு இதுதான் ஒழுங்காக அழுதது. நன்றாக இருந்தது.

மலர் என்று எழுதக் கூடாது. ஆறடி ஆள் அவன், காலையில் ஒரு ரொட்டி முழுசாகத் தின்பான். யாரும் அவனைப் பறிக்கவில்லை. கல்தச்சரிடம் இதைக் கொடு. நான் எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் நீ திருத்து. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

ஜாபெஸ் ஹாவர்த்
கோல் கீப்பர்
அக்கன்ஷா ஆல்பியன் 1
ஹெல்ம்பரி 0

சர்ச் மண்ணில் பந்தாட்டக் கணக்கு கூடாது என்று போதகர் சொல்வார். அந்த மண்ணுக்குள் படுத்திருப்பவன் பந்தாட்டக்காரன் என்று சொல். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீ வாதாடிக்கொண்டிருக்காதே, கல்லைச் செதுக்கச் சொல்லிவிட்டு வா. சனிக்கிழமை ரயிலில் நான் வருகிறேன். கல் நடும்போது பக்கத்திலேயே நிற்பேன்.

லீக்காரன் பேனாவால் அடித்துவிடலாம் என்று இருந்தான். இனி அது முடியாது. அழிக்க வேண்டும் என்கிறவன் உளி எடுத்துக்கொண்டு வரட்டும்.

கெசியா